முதற் பெடல் கிற்றாரைத் தேர்ந்தெடுத்தல்



அமெரிக்காவின் கண்ட்ரி இசையைக் கேட்கும்போது, பாடகரின் குரல் ஓயும் இடத்தில் ஒரு சுரம் மெல்ல எழுந்து, அறுபடாமல் நகர்ந்து, மற்றொரு சுரத்தினுள்ளே கலந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வயலினோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் வில்லின் உராய்வு அதில் இராது. சாதாரணக் கிற்றாரோ எனில், மெட்டுக்கு மெட்டு தாவும் ஒலியும் அன்று. அழுகையும் ஆறுதலும் ஒரே மூச்சில் வருவது போன்ற அவ்வொலியைத் தருவது பெடல் ஸ்டீல் கிற்றார் என்னும் கருவி. ஜிம் ரீவ்ஸின் பாடல்கள் நம் நாட்டில் பலராலும் விரும்பிக் கேட்கப்பட்டவை. ஆயினும் அவருடைய பிற்காலப் பதிவுகளில் இவ்வொலியைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். 1950களின் இறுதியில் நாஷ்வில் நகரத்துப் பதிவுக்கூடத்தார் வயலின் கூட்டத்தையும் பாடகர் குழுவையும் முன்வரிசையில் நிறுத்தி, இக்கருவியைப் பின்னே தள்ளிவிட்டனர். அது மீண்டும் முன்னுக்கு வந்தது வேறு கதை.

இன்று நான் பேசப் புகுவது இக்கருவியின் பெருமையைப் பற்றியன்று. இதனைப் புதிதாகக் கற்க விரும்பும் ஒருவர் எத்தகைய கருவியை முதலில் வாங்கவேண்டும் என்பதே எனது பொருள். வேறு கருவிகளைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு அத்துணை முக்கியத்துவம் இல்லை. மலிவான புல்லாங்குழலிலும் சரளி வரிசை பழகலாம். பெடல் கிற்றாரோ பாதி இசைக்கருவி, பாதி இயந்திரம். இயந்திரம் பழுதுடையதாயின், பழகுபவர் தம் காதே பழுது என்று முடிவு செய்துவிடுவார். இவ்வாறு பலர் சில மாதங்களிற் கைவிட்ட கருவிகள் அமெரிக்க வீடுகளிற் கட்டிலின் கீழ்க் கிடக்கின்றன. அவற்றுட் சில மீண்டும் சந்தைக்கு வந்து, அடுத்த மாணவரையும் அவ்வாறே மனமுறியச் செய்கின்றன.

கோட்டு வாத்தியத்தை அறிந்த நமக்கு இக்கருவியின் அடிப்படை புதியதன்று. மெட்டுகளில்லாத வீணையின் தந்திகளின்மேல் ஒரு கோலை வழுக்கிச் சுரங்களைப் பெறுவது போலவே, இங்கும் உருக்குக் கோல் ஒன்று தந்திகளின்மேல் நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய் தீவுகளில் இம்முறையைக் கிற்றாருக்குப் பொருத்தியவராக ஜோசப் கெகூகு என்பவர் கருதப்படுகிறார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் இசைக் குழுவினரைக் கேட்ட அமெரிக்க மக்கள் அவ்வொலிக்கு அடிமையாயினர். மின்சாரக் கிற்றார் என்று நாம் சொல்லும் கருவிகளுள் முதன்முதலில் விற்பனையில் வெற்றி கண்டதும் மடியிற் கிடத்தி வாசிக்கும் இவ்வகைக் கிற்றாரே. 1932இல் வெளிவந்த அக்கருவி, உருவத்தால் நீண்ட கைபிடியுள்ள தாச்சியை ஒத்திருந்தமையின் ‘பொரிக்கும் தாச்சி’ என்றே செல்லப்பெயர் பெற்றது.

மடிக் கிற்றாருக்கு ஒரு குறை உண்டு. நேரான கோல் எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்துகிறது. ஆதலின், தந்திகள் எவ்வாறு சுருதி கூட்டப்பட்டனவோ அதே சுரக்கூட்டத்தைத்தான் மேலும் கீழும் நகர்த்த முடியும். கோலைச் சரித்துப் பிடித்து ஓரளவு தப்பலாம். எனினும் அதற்கும் எல்லையுண்டு. தந்திகளின் சுருதியைக் காலால் மிதித்து மாற்றும் பொறியைப் பூட்டும் எண்ணம் இக்குறையினின்றே பிறந்தது. கிப்சன் நிறுவனத்தின் மின்யாழ் போன்ற முயற்சிகள் 1940 அளவிலேயே தோன்றின. ஆனால், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியைப் பெடலால் ஏற்றி, அந்த ஏற்றத்தையே கேட்போர் காதில் விழச் செய்தமைதான் புரட்சி. வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்னும் பாடல் 1954இல் நாடெங்கும் புகழ்பெற்றபோது, அதில் பட் ஐசக்ஸ் வாசித்த ஏற்றத்தைக் கேட்ட ஏனைய கலைஞர்கள் தத்தம் கருவிகளுக்கும் பெடல் பூட்ட விரைந்தனர்.

இனி, அந்த ஏற்றம் யாதென நம் சுரங்களைக்கொண்டே விளக்குகிறேன். இது விளங்கினால் எதை வாங்குவது என்னும் வினாவின் பாதி தீர்ந்துவிடும்.

இன்று பெரும்பாலார் பயன்படுத்தும் சுருதியமைப்பு ‘ஈ நைன்’ எனப்படும். பத்துத் தந்திகள். மேனாட்டு ‘ஈ’ என்னும் சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வோமாயின், வாசிப்பவருக்கு அப்பாலுள்ள முதலாம் தந்தி சதுசுருதி ரிஷபம், இரண்டாவது காகலி நிஷாதம், மூன்றாவது அந்தர காந்தாரம், நான்காவது ஷட்ஜம், ஐந்தாவது பஞ்சமம், ஆறாவது மீண்டும் காந்தாரம், ஏழாவது ரிஷபம், எட்டாவது கீழ் ஷட்ஜம், ஒன்பதாவது கைசிகி நிஷாதம், பத்தாவது கீழ்ப் பஞ்சமம். முதலாம் தந்திதான் மிக உச்சமானது என்று புதியவர் நினைப்பார். அன்று, மூன்றாவது தந்தியே உச்சமானதும் மெல்லியதும் ஆகும். மேலேயுள்ள முதலிரு தந்திகளையும் 1962இல் சேர்த்தவர் இக்கருவியின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரான பட்டி எம்மன்ஸ். 2015இல் மறைந்த அவரது கைவண்ணம் இன்றைய ஒவ்வொரு கருவியிலும் உள்ளது எனின் மிகையன்று.

முதற் பெடலை மிதித்தால் பஞ்சமத் தந்திகள் இரண்டும் சதுசுருதி தைவதத்துக்கு ஏறும். இரண்டாம் பெடலை மிதித்தால் காந்தாரத் தந்திகள் இரண்டும் சுத்த மத்திமத்துக்கு ஏறும். இரண்டையும் ஒருங்கே மிதித்தால் நிகழ்வதைக் கவனியுங்கள். ஸ, க, ப என்று ஒலித்த கூட்டம் ஸ, ம, த என்று மாறுகிறது; ஷட்ஜம் மட்டும் அசையாமல் நிற்கிறது. நிலைத்து நிற்கும் ஒரு சுரத்தைப் பற்றிக்கொண்டு மற்றிரண்டும் மெல்ல ஏறுவதே நம் நெஞ்சை உருக்கும் அந்த ஒலி. கோல் ஓர் அணுவும் நகர்வதில்லை. மூன்றாம் பெடல் நான்காம் தந்தியின் ஷட்ஜத்தை ரிஷபத்துக்கும், ஐந்தாம் தந்தியின் பஞ்சமத்தைத் தைவதத்துக்கும் ஏற்றும்.

இவை இடக்காலுக்குரியவை. வலக்கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடலின்மேல் இருக்கும். முழங்கால்களுக்கும் வேலை உண்டு. கருவியின் அடியிலே தொங்கும் நெம்புகோல்களை முழங்காலால் இடமும் வலமும் தள்ள வேண்டும். இடமுழங்காலால் மேலே உந்துவதும் உண்டு. ஒரு நெம்புகோல் ஷட்ஜத் தந்திகளை அரைச்சுரம் தாழ்த்திக் காகலி நிஷாதமாக்கும். மற்றொன்று அவற்றை அரைச்சுரம் உயர்த்திச் சுத்த ரிஷபமாக்கும். வேறொன்று இரண்டாம் தந்தியைத் தாழ்த்தும். இரு கைகள், இரு பாதங்கள், இரு முழங்கால்கள் என ஆறுறுப்பும் வேலைசெய்ய, ஏழாவதாகக் காது அவற்றை ஆளவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் வாங்குபவர் கேட்கவேண்டிய முதல் வினா, கருவியின் அழகோ நிறுவனத்தின் பெயரோ பற்றியதாக இராது. ‘மூன்று பெடலும் குறைந்தது நான்கு நெம்புகோலும் உண்டா?’ என்பதே அது. இதற்குக் குறைந்ததை வாங்கவேண்டாம் என்பது என் துணிபு. பாடநூல்களும் ஆசிரியர்களும் இவ்வமைப்பையே எதிர்பார்க்கின்றனர். வினி வின்ஸ்டனும் பில் கீத்தும் எழுதி 1975இல் வெளிவந்த, பல்லாண்டுகள் கற்போரின் கைந்நூலாக விளங்கிய நூலும் ‘ஈ நைன்’ அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது.

மாணவர்க்கென மலிவாகச் செய்யப்பட்ட சில பழங் கருவிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. சோ-பட் நிறுவனம் 1970களில் வெளியிட்ட ‘மாவெரிக்’ இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பார்வைக்கு அழகியது, ஓசையும் இழிந்ததன்று. ஆனால் மூன்று பெடல்களோடு பெரும்பாலும் ஒரே நெம்புகோல்தான் அதற்கு அமைந்தது. பின்னர் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் இயந்திரத்தின் உள்ளமைப்பு குறுக்கிடுகிறது. வலப்பக்கக் குதிரையின் இடத்தில், ஒவ்வொரு தந்தியும் அசையும் உலோக விரல் ஒன்றின்மேல் வளைந்து செல்கிறது. பெடலை மிதிக்கும்போது அடியிலுள்ள கம்பி அவ்விரலை இழுக்கச் சுருதி மாறுகிறது. நான்காம் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நெம்புகோலால் சுத்த ரிஷபத்துக்கு ஏறவேண்டும். மூன்றாம் பெடலால் சதுசுருதி ரிஷபத்துக்கு ஏறவேண்டும். மற்றொரு நெம்புகோலால் நிஷாதத்துக்கு இறங்கவும் வேண்டும். அதாவது இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம். ஒரு தந்திக்கு ஓர் ஏற்றமே இடங்கொடுக்கும் பொறியில் எத்தனை நெம்புகோலைத் தொங்கவிட்டாலும் இது கைகூடாது. இக்காலக் கருவிகளிலோ ஒவ்வொரு தந்திக்கும் மூன்று ஏற்றத்துக்கும் இரண்டு இறக்கத்துக்கும் இடமிருப்பது வழக்கம்.

1950களின் எட்டுத் தந்திக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். பென்டர் நிறுவனத்தின் ‘400’ போன்றவை வரலாற்றுச் சிறப்புடையவை. எஃகு வடத்தால் இழுபடும் அவற்றின் ஓசைக்கு இன்றும் அன்பர்கள் உண்டு. ஆனால் பாடநூல் பத்துத் தந்திகளைப் பற்றிப் பேசும்போது எட்டுத் தந்திகளை வைத்துக்கொண்டு பழகுபவர், நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் தாமே பெயர்த்தெழுத வேண்டியிருக்கும். இரண்டாவது கருவியாக அதனை வாங்கட்டும்.

மறுபுறத்தில், அளவுக்கு மீறி வாங்கும் ஆசையும் உண்டு. இரட்டைக் கழுத்துக் கருவியில் ‘ஈ நைன்’ ஒன்றும் ‘சீ சிக்ஸ்’ ஒன்றுமாக இருபது தந்திகள். இரண்டாவது கழுத்து மேற்கத்திய ஸ்விங், ஜாஸ் முதலிய இசைக்கு உரியது. பெட்டியோடு தூக்கினால் 60 இறாத்தலுக்கும் மேற்படும். ஒரு கழுத்தையே ஆள அறியாத காலத்தில் இரண்டாவதைச் சுமப்பது முதுகுக்கும் பணப்பைக்கும் வீண் வேலை. ஒரே கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள கருவியே தொடக்கத்துக்குப் போதும். இரட்டை உடலில் ஒற்றைக் கழுத்தை அமைத்து, மற்றப் பக்கத்தில் கைவைக்க மெத்தை தைத்த வகையும் உண்டு. பாரம் சற்றுக் கூடினும் அதுவும் நன்றே.

மடிக் கிற்றாரில் தொடங்கலாமா என்று கேட்பவரும் உளர். ஹவாய் இசைமீது காதல் கொண்டவர் தாராளமாகத் தொடங்கலாம். விலையும் சிறிது, பொறியும் இல்லை. ஆனால், ‘ஸ, க, ப’ ‘ஸ, ம, த’ ஆகும் அந்த ஏற்றமே தம்மை ஈர்த்தது என்பவர் மடிக் கிற்றாரை வாங்கினால், சில மாதங்களில் மீண்டும் கடைக்குச் செல்வார். கோலைப் பிடிக்கும் பழக்கம் வரும். காலின் பழக்கம் வராது.

விலையைப் பற்றி மறைப்பதற்கொன்றுமில்லை. மூன்று பெடலும் நான்கு நெம்புகோலும் உள்ள எளிய மாணவர் கருவிக்கே அமெரிக்காவில் ஆயிரம் டொலருக்கு மேலாகும். தொழிற்கலைஞர் கருவி அதைப் போலப் பன்மடங்கு. இவை பெரிய தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுவனவல்ல. பெரும்பாலும் சிறு பட்டறைகளில், சில கைகளால் ஆக்கப்படுவன. ஆதலின் நல்ல பழைய கருவியை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்குவதே அக்கலைஞரிடையே இயல்பான வழக்கம். அமெரிக்காவின் கறுப்பினக் கிறித்தவ ஆலயங்கள் சிலவற்றில், 1930கள் முதல் வழிபாட்டில் உருக்குக் கிற்றாரை வாசிக்கும் மரபு உண்டு. பின்னர் அங்கே பெடல் கிற்றாரும் வந்தது. இளைஞர் பலர் மூத்தோரின் அருகிலமர்ந்தே இதனைக் கற்றனர். இன்று உலகப் புகழ்பெற்ற ராபர்ட் ராண்டால்ஃப் அம்மரபில் வளர்ந்தவர். கருவியை அறிந்த மூத்தவர் ஒருவர் அருகிலிருந்தால், நான் இப்போது சொல்லப்போகும் சோதனைகளை அவரே செய்துவிடுவார். இல்லாதவர் தாமே செய்யவேண்டும்.

முதலில் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு விடை. அடியில் கம்பிகளும் திருகு அச்சுகளும் வரிசையாக இருக்கும். கம்பி வளைந்திருக்கிறதா, துரு ஏறியுள்ளதா, நூலோ இறப்பர் வளையமோ கட்டி எவரேனும் பழுதை மறைத்திருக்கின்றனரா என்று பாருங்கள். பல்லாண்டு வாசிக்கப்படாத கருவியில் பழைய எண்ணெய் பசைபோல் உறைந்து உலோக விரல்களைப் பற்றிக்கொள்ளும். அது கழுவி நீக்கக்கூடிய குறை. அதற்காக ஒரு நல்ல கருவியை ஒதுக்கவேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். கால்கள் நான்கும், பெடலை இழுக்கும் தண்டுகளும், பெட்டியும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். பிற நிறுவனத்தின் தண்டு இதற்குப் பொருந்தாது போகலாம்.

அடுத்தது திரும்பி வரும் சோதனை. சுருதிமானி ஒன்றை இணைத்து, நான்காம் தந்தியைச் சரியாகக் கூட்டுங்கள். அதனைத் தாழ்த்தும் நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். பிறகு தந்தியை மீட்டி முள்ளைப் பாருங்கள். அடுத்து உயர்த்தும் நெம்புகோலைத் தள்ளி விட்டு மீண்டும் பாருங்கள். இரண்டு முறையும் முள் ஒரே இடத்துக்கு வந்தால் பொறி நன்று. தாழ்த்தியபின் ஓரிடத்திலும் உயர்த்தியபின் வேறோரிடத்திலும் நின்றால், அக்கருவி இன்றைக்கு ஒரு ஷட்ஜமும் நாளைக்கு ஒரு ஷட்ஜமும் தரும். எவ்வளவு அழகிய மரமாயினும் விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது சோதனை நுண்ணியது. நான்காம் தந்தியை மட்டும் மீட்டி, ஒலித்துக்கொண்டிருக்கையில் முதலிரு பெடல்களையும் மெல்ல மிதியுங்கள். அந்தப் பெடல்கள் அத்தந்தியைத் தொடுவதில்லை. ஆயினும் மற்றத் தந்திகள் இறுகும்போது கருவியின் உடல் சிறிதே வளைவதால், நான்காம் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். எல்லாக் கருவிகளிலும் இது ஓரளவு உண்டு. சுருதிமானி மாத்திரம் கண்டு, காது காணாத அளவாயின் பொருட்படுத்தவேண்டாம். காதுக்கே தெளிவாகக் கேட்குமாயின், ஸ, க, ப நன்றாயிருக்கையில் ஸ, ம, த கசக்கும். நிலைத்து நிற்க வேண்டிய ஷட்ஜமே நழுவிவிடும். பழகுபவர் கோலை முன்னும் பின்னும் நகர்த்தித் தம்மையே நொந்துகொள்வார். முற்கூறிய மனமுறிவு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

இறுதியாக உட்கார்ந்து பாருங்கள். முழங்கால்கள் நெம்புகோல்களின் நடுவே வலியின்றி அமைகின்றனவா? நெட்டையானவர்க்குக் கருவியைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கலாம். நெம்புகோலின் இடத்தைத் திருகி நகர்த்த இயலுமாயின் மிகவும் நன்று. பெடல்களின் வரிசையையும் கேட்டறியுங்கள். எம்மன்ஸ் முறையில் முதற் பெடல் இடக்கோடியில் இருக்கும். ஜிம்மி டே என்பவரின் பெயரால் வழங்கும் முறையில் வரிசை தலைகீழ். இரண்டிலும் பெருங் கலைஞர் உண்டு. உங்கள் ஆசிரியர் எம்முறையோ அம்முறையைக் கொள்ளுங்கள். ஆசிரியர் இல்லாதவர் பெருவழக்கான எம்மன்ஸ் முறையைக் கொள்வது எளிது. பழகியபின் மாறுவது, இடக்கையால் எழுதக் கற்பதை ஒக்கும்.

கருவியோடு செலவு முடிவதில்லை. ஒலியளவுப் பெடல், கையில்லாத இருக்கை, ஒலிபெருக்கி, பெருவிரலுக்கும் இரு விரல்களுக்கும் மாட்டும் நகங்கள், உருக்குக் கோல் இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். கோல் ஏறக்குறைய மூன்றேகால் அங்குல நீளமும் முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட தடிப்பும் உடையதாக இருக்கட்டும். இலேசான கோல் தந்தியில் நடுங்கும். ஒலிபெருக்கி ஓசையைச் சிதைக்காது தெளிவாகத் தருவதாயின் போதும்.

அமெரிக்காவிலிருந்து இக்கருவியை இலங்கைக்கு வரவழைப்பவர் இரண்டு சங்கதிகளை மறத்தலாகாது. அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட். நம் வீடுகளில் 230 வோல்ட். ஒலிபெருக்கியை அங்கிருந்து கொண்டுவருவதினும் இங்கேயே வாங்குவது மேல். மற்றையது கடற்காற்று. உடல் பெரும்பாலும் மேப்பிள் மரம். பொறி முழுதும் உலோகம். வாசித்து முடிந்ததும் தந்திகளையும் குதிரைப் பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியிலிட்டு மூடவேண்டும்.

தந்திகளை வாங்கும்போது முழுத் தொகுதி இரண்டு போதும். மூன்றாம் தந்தியை மட்டும் தனியாக அரைத் தசனேனும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றினும் மெல்லிய அது, இரண்டாம் பெடலை மிதிக்குந்தோறும் மத்திமத்துக்கு இழுபட்டு, குதிரையின் வளைவிலே தேய்ந்து, முதலிற் பெரும்பாலும் அறுவதும் அதுவே.